காகிதக் கட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

மீனாட்சிபுரத்து அக்கம்பக்கத்தாருக்கும், என் மாணவர்களுக்கும், எங்கிருந்தோ வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருக்குச் சமையல் சாமான்கூட மிஞ்சவில்லை. அந்த நிலையிலும் என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து, நனைந்த காகிதக் கட்டுகளோடு உட்கார்ந்தீர்கள். கடைசிக் கட்டு நேற்றுத்தான் காய்ந்தது. இப்போதுதான் மூச்சு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கட்டுகள் என் வாழ்நாள் வேலை. ஓர் ஊரில் முதியவர்கள் கூடும்போது அங்கே சேமிப்பு, கூலி, நிலம், கடன் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் என் படிப்பு. நான் இதில் இறங்கிய காலத்தில் எல்லோரும் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். 2011-இல் இங்கே பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். 2036-இல் அது ஐந்தில் ஒருவராகும் என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்திருக்கிறது. இந்த மாற்றம் ஒரு வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதே வீட்டுக்குச் சில வருடங்கள் கழித்துத் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அப்படிச் சேர்ந்த தாள்கள் அவை. பதில் சொன்னவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

இனி எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியில் பாதி வெள்ளத்தோடு போய்விட்டது, பெட்டி மட்டும் தப்பித்தது. நாங்கள் தாள்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது மாடியேறி வந்து ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தார். “டீச்சரம்மா, இப்படிப் போட்டா முறுக்கிக்கிடும்லா. ஒட்டுனத பிரிக்கவும் முடியாது. எங்கிட்ட குடுங்க” என்றார். பெட்டியில் கரி தணிந்து சாம்பல் பூத்த பிறகுதான் கையில் எடுத்தார். கீழே ஒரு பழைய வேட்டி, மேலே ஒன்று, நடுவில் தாள். ஈரத்தை வேட்டி குடித்துக்கொள்ள, ஒட்டியிருந்த தாள்கள் ஓரத்திலிருந்து மெல்ல விட்டுக்கொடுத்தன. பென்சிலில் எழுதியவை அப்படியே இருந்தன. மையில் எழுதியவற்றில் கொஞ்சம் போய்விட்டது, அது பரவாயில்லை.

நான் நினைத்தே பார்க்காத ஒன்றையும் அவர் செய்தார். தெருவில் இத்தனை வீட்டுத் துணிகள் அவரிடம் வந்தாலும் ஒன்றோடொன்று கலந்ததே இல்லை. தாள்களையும் அப்படியே பாவித்தார். தலைப்பில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்து, வீடு வீடாகத் துணியில் முடிந்து, முடிச்சில் எண் எழுதிய சீட்டைச் செருகினார். ஒரு வீட்டின் முதல் சுற்றுத் தாளும் அடுத்த சுற்றுத் தாளும் பிரிந்துபோனால் என் ஆய்வே இல்லை. அதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் கேள்விகளை வாசித்தார். போன மாதம் உங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள், நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று இரண்டு கேள்விகள். “ரெண்டாவத எங்கிட்ட யாரும் கேட்டதில்லையே” என்றார். பேத்தியின் காலேஜ் பீஸில் பாதி அவர் கட்டியது என்று அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் துறையில் ‘சார்ந்திருப்போர் விகிதம்’ என்று ஓர் அளவு உண்டு. 60 வயதைத் தாண்டிய எல்லோரையும் அது பிறரை நம்பி இருப்பவர்களாகவே எண்ணும். நம் நாட்டில் அந்த வயதினரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலை செய்கிறார்கள் என்று 2017-18-இல் எடுத்த அகில இந்திய முதுமை ஆய்வு சொல்கிறது. 1985-இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் மோடிகிலியானியின் கோட்பாட்டின்படி, மனிதர்கள் உழைக்கும் வயதில் சேர்த்து, முதுமையில் எடுத்துச் செலவழிப்பார்கள். எங்கள் தாள்களில் இருக்கும் ஆச்சிகளோ ஓ.ஏ.பி. என்று அரசு தரும் முதியோர் உதவித்தொகையிலும் பேரப்பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். ரொனால்ட் லீ, ஆண்ட்ரூ மேசன் போன்ற ஆய்வாளர்கள் தலைமுறைகளுக்கு இடையே பணம் இரண்டு பக்கமும் ஓடுவதை நாடு நாடாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு முழுவதும் அண்ணாச்சியின் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

கூலி என்று நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை. கரிக்கு ஆன காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. மின்சாரம் வந்ததும் மிச்சக் கட்டுகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தன் ஃப்ரீசரில் இடம் கொடுத்த ஐஸ்கிரீம் கடைத் தம்பி, அப்படிச் செய்யலாம் என்று போனில் சொன்ன ஆவணக் காப்பக நண்பர், படகோடு வந்து எங்கள் தெருவில் ஆட்களை மீட்ட கடற்கரை ஊர்த் தம்பிகள், தினமும் எல்லோருக்கும் சோறு பொங்கிய எதிர்வீட்டு மதினி, லீவு போட்டுவிட்டு வந்த என் மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதக் கடமைப்பட்டவள் நான்.

தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டோம். பெயர்களை நீக்கிவிட்டு, இந்தத் துறையில் வேலை செய்யும் யாருக்கும் கொடுப்பேன். நகல்கள் ஒரே ஊரில் இருக்காது. அடுத்த சுற்றுக்குப் போகும்போது, அண்ணாச்சி சொன்ன அந்த இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பேன்.

உங்கள் மேஜை விசிறிகள், கயிறுகள், துணிக் கிளிப்புகள், வேட்டிகள் எல்லாம் மாடி அறையில் பத்திரமாக இருக்கின்றன. வேட்டிகளைத் துவைத்து வைத்திருக்கிறேன். காலையில் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.