காட்பாடியிலிருந்து செல்விக்கு

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டேன். காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவனுக்கே முதல் வாசிப்பில் பாதிதான் ஏறியது. எச்.ஐ.வி.யின் புரதங்களை வெட்டித் தரும் புரோட்டீஸ் நொதி 99 அமினோ அமிலச் சங்கிலி, இரண்டு சங்கிலி சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பது வரை தடையில்லை. இந்த நொதியை முடக்கும் நெல்ஃபினாவிர் மருந்துக்கு வைரஸ் தப்ப, சங்கிலியின் 30-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் போய் அஸ்பராஜின் வருகிறது. தப்பிவிடுகிறது, ஆனால் நொதி தளர்ந்துபோகிறது. பிறகு மருந்து உட்காரும் குழிக்கு வெளியே, 88-ஆம் இடத்தில் அஸ்பராஜின் போய் அஸ்பார்டிக் அமிலம் வருகிறது. இழந்த பலம் ஓரளவு திரும்புகிறது. அங்கே விட்டதை இங்கே பிடிக்கிறது! உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று அதில் எழுதியிருக்கிறதா?" என்றாள்.

சாப்பிடு அம்மா. போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

இந்தியாவில் இந்த வைரஸ் இருப்பது முதலில் தெரிந்ததே 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான். அதே வேலூர்ப் பெண் அதே வைரஸின் நொதியை அலசுகிறாள் என்று தோட்டப்பாளையம் நண்பர்களிடம் சொல்லித் திரிகிறேன். கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை எப்படியிருக்கிறார்?" என்கிறார்கள். நான் வேலூர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை குரலைக் கேட்டு நாளாகிறது. வேலை என்கிறாய், ஞாயிற்றுக்கிழமையுமா? பொங்கல் படத்திலும் நீ மட்டும். இத்தனை படித்த பெண் பெற்றவர்களுக்கு நாலு வரி எழுதக் கூடாதா? நான் எதையும் கேட்கவில்லை. சத்துவாச்சாரி அத்தை விஷயத்தில் தாத்தா நடந்துகொண்ட மாதிரி நான் நடக்கமாட்டேன், அது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கட்டுரையில் ஒரு சந்தேகம். 88 மாறிய பிறகு மருந்தை நிறுத்தினால், 30 மட்டும் பழையபடி திரும்புமா? இல்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்ப வழியில்லாமல் நிற்குமா? அதை நீ சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய். இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டுச் சொல், அம்மா தூங்கியிருப்பாள். அதற்கு முன்னால் நீ சாப்பிட்டுவிடு.

தீபாவளிக்கு வருவதானால் டிக்கெட்டுக்கு நான் பணம் அனுப்புகிறேன். ஒருவருக்கா, இருவருக்கா என்று மட்டும் சொல்.

அப்பா