உன் பீரோவில் என் டிஸ்க்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்த செய்தியை நாலாம் பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். முதல் வரியில் வர வேண்டியதை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைக்க உன்னால்தான் முடியும். அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து உன் மதினி இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. நீ அனுப்பிய மக்ரூன் டப்பா எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்தாய், ஆச்சி பாடிய தாலாட்டை கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினாய், முப்பது வருஷப் போட்டோக்களையும் ஒரே இடத்தில் சேர்த்தாய். இவ்வளவும் ஒரே லேப்டாப்பில் இருக்கிறது, போனோ இடம் நிறைந்துவிட்டது, மாதம் பணம் கட்டு என்கிறது. கட்ட மனசில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய்.

கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள்தான். முன்பு போட்டோக்களைக் கொஞ்சம் சுருக்கிக் கணக்கில்லாமல் வைத்துக்கொள்ள விட்டார்கள். 2021 ஜூன் முதல் தேதியோடு அதுவும் நின்றது. உன்னிடம் இருப்பதோ 350 ஜிபி. பணம் கட்டுவது தப்பில்லை. ஆனால் நமக்குப் பிறகு அந்த மாதப் பணத்தை யார் கட்டுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாமல் போகலாம். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை அழித்துவிடலாம் என்று கூகிள் 2023-லேயே விதி போட்டுவிட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான். நீ ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றி என்னிடம் கொடுத்து வை. என்னுடையதை உன் பீரோவில் வை. செலவு ஒரு தடவைதான், வாடகை கிடையாது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ என்பவர் போட்டோக்களைக் காப்பாற்ற ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், பிரதிகளில் ஒன்று வேறு இடத்தில். இன்றைக்கு உலகமெல்லாம் 3-2-1 என்று சொல்வது அதைத்தான். ஆனால் எல்லோரும் தடுக்கி விழுவது அந்தக் கடைசி ஒன்றில். வீட்டுக்குள்ளேயே மூன்று டிஸ்க் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். திருடன் வந்தாலும் தீ பிடித்தாலும் மூன்றும் சேர்ந்தே போகும். நம்மைப் போன்றவர்கள்தான் என்றில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்ததில், அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த 858 டிபி சேமிப்பு அப்படியே போனது. ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி. அளவு பெரிது என்று வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லையாம். நம் 350 ஜிபிக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

வேறு இடம் என்றால் எந்த இடம்? நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். வேளச்சேரிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே அறுநூறு கிலோமீட்டர், போதாதா என்று தோன்றும். 2023 டிசம்பரை நினைத்துப் பார். மிக்ஜாம் புயலில் 4-ஆம் தேதி சென்னை மூழ்கியது. இரண்டே வாரத்தில், 17, 18 தேதிகளில், உங்கள் பக்கம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை. நீ மாடியில் உட்கார்ந்து போன் சார்ஜ் போய்விடுமே என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு ஊரும் கடற்கரை, இரண்டுக்கும் அதே வடகிழக்குப் பருவமழை. ஆகவே தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. என் வீட்டுக்கு வரும் ஆபத்து உன் வீட்டுக்கும் அதே சீசனில் வருமா என்று பார்க்க வேண்டும்.

அதற்காக நம் ஏற்பாடு வீண் என்று சொல்லவில்லை. என் வீடு மூன்றாம் மாடி. 2015-லும் எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்துக்காரர்களின் சாமான்கள்தான் போயின. கல்யாண ஆல்பங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காய வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது பிரியவே இல்லை. உன் வீட்டிலும் டிஸ்க்கை மாடி பீரோவில், மேல் தட்டில் வை. கூடுதலாக இன்னொரு பிரதியைக் கோயம்புத்தூரில் என் மருமகனிடம் கொடுத்து வைக்கப் போகிறேன். அங்கே கடலும் இல்லை, நம்மைப் போல டிசம்பர் பயமும் இல்லை. இன்னொன்று: நம்மில் ஒருவர் வீட்டில் பிரதி கெட்டால், மற்றவர் அன்றைக்கே இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். வெள்ளம் வடியட்டும், பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இரண்டு வாரக் கதைதான்.

அப்புறம் பூட்டு. என் டைரியை நீ படித்துவிடுவாய் என்ற பயம் எனக்கில்லை. படித்தால் உனக்குத்தான் போரடிக்கும். ஆனால் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில் இருக்கும். பீரோவோடு களவு போனால்? அதனால் பாஸ்வேர்டு போட்டு, அது தெரியாதவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துதான் வைக்க வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் வெளி டிஸ்க்கை, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் புதிதாகப் பூட்ட முடியாது. பூட்டியதைத் திறக்கத்தான் விடும். வெராகிரிப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அது போதும். அதில் முழு டிஸ்க்கையும் பூட்டாதே. பூட்டினால், யாராவது அதைச் செருகியதும் விண்டோஸ் "இதை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம்" என்று கேட்கும். உன் இளையவன் ஓகே அமுக்கினால் கதை முடிந்தது. அதற்குப் பதில் டிஸ்க்குக்குள் ஒரு பெரிய பெட்டகக் கோப்பை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் போடு. டிஸ்க்கை முதலில் ஃபார்மேட் செய்யும்போது எக்ஸ்ஃபேட் என்ற வடிவைத் தேர்ந்தெடு. பழைய ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே, பூட்டாமல், வெராகிரிப்டை நிறுவும் கோப்பையும், எப்படித் திறப்பது என்று தமிழில் நாலு வரியும் எழுதி வை. பத்து வருஷம் கழித்துத் திறக்கப்போவது நாமாக இல்லாமலும் இருக்கலாம்.

அந்த பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறந்து தர முடியாது. காகிதத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். அதை டிஸ்க்கோடும் வைக்காதே, உன் வீட்டில் மட்டுமாகவும் வைக்காதே. வீடு போனால் காகிதமும் போகும். டிஸ்க் என்னிடம், காகிதம் நாகர்கோவிலில் பெரியவளிடம். வேலைக்குச் சேர்ந்ததும் அவளுக்கு நீ கொடுக்கும் முதல் பொறுப்பாக இருக்கட்டும். என்னுடையது என் தங்கை வீட்டில் இருக்கும்.

இதையெல்லாம் இன்டர்நெட் வழியே செய்ய முடியாதா என்று கேட்பாய். முடியும். உன் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால், ரெஸ்டிக் போன்ற இலவச மென்பொருள் இங்கேயே பூட்டி, மாறியதை மட்டும் அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சிங்திங் என்று ஒன்றை நிறையப் பேர் சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைப்பதற்கானது. பழைய பதிப்புகளை வைத்துக்கொள் என்று தனியாகச் சொல்லாவிட்டால், இங்கே தெரியாமல் அழித்தது அங்கேயும் அழியும். தவிர, நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து உன் வீட்டுக் கம்ப்யூட்டரை நேரே தொட முடியாது, டெயில்ஸ்கேல் மாதிரி இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்து வைக்கும் மென்பொருள் எதையாவது நடுவில் வைக்க வேண்டும். கரண்ட் போகும், ரவுட்டர் தூங்கும், நீ எனக்குப் போன் செய்வாய். வேண்டாம். நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் 1 டிபி அப்லோடு செய்ய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் அதே 1 டிபி ராத்திரியில் ஏறி விடிந்ததும் எழும்பூர் வந்துவிடும். இன்னொரு லாபம், பீரோவில் தூங்கும் டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கூட்டம், கம்ப்யூட்டரோடு எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஆளுக்கு இரண்டு டிஸ்க் வாங்குவோம். ஒன்று சொந்த வீட்டில், ஒன்று நண்பன் வீட்டில். பொங்கலுக்கும் ஆடி கடைசியிலும் எப்படியும் யாராவது ஒருவர் பயணம் செய்கிறோம். புதிதாக எழுதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்வோம். இதில் ஒரு ஒழுங்கு வேண்டும். புதியது போய்ச் சேர்ந்து, அங்கே திறந்து பார்த்த பிறகுதான் பழையது கிளம்ப வேண்டும். இரண்டும் ஒரே பையில் ஒரே ரயிலில் போகக் கூடாது. திறந்து பார்ப்பது என்றால் போல்டர் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. வேறு கம்ப்யூட்டரில் செருகி, அங்கங்கே சில கோப்புகளை எடுத்து வெளியே போட்டுத் திறக்க வேண்டும். உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, ஆகவே உன் டிஸ்க்கை இங்கே வரும்போது நீயே திறந்து காட்டு. வராவிட்டால் பெரியவளைப் போனில் பிடித்துக்கொள்கிறேன்.

ஆறு மாதத்துக்கு இடையில் சேரும் புதுப் படங்களுக்கு அந்த இலவச 15 ஜிபி போதும். அதை முதலில் காலி செய். காலை வணக்கம், ரோஜாப்பூ, யாரோ சமைத்த மீன் குழம்பு வீடியோ, இவைதானே பாதி? மார்க் ஷீட், லைசென்ஸ் போன்றவை டிஜிலாக்கரில் இருந்தால் அவற்றைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதே. கொடுத்த அலுவலகத்தில் மூலம் இருக்கும், திரும்ப வாங்கலாம். அப்பா கடிதத்தையும் ஆச்சி குரலையும் எந்த அலுவலகமும் திரும்பத் தராது. அதனால் அவற்றை மட்டும் தனி போல்டரில் போட்டு, கோவைக்குப் போகும் டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைக்கிறேன், அனுப்பு.

வாங்கும்போது சாதாரண ஹார்டு டிஸ்க்கே வாங்கு. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்க அது சரிப்படாது, பென்டிரைவும் அப்படித்தான். ஹார்டு டிஸ்க்கும் சாகாவரம் பெற்றதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடவிடுவதற்கும் சேர்த்துத்தான் இந்த மாற்றல். 2 டிபி போதும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டைச் சேர்த்துப் போடு.

ஆவணியில் கல்யாணத்துக்கு நீ வரும்போதே ஆரம்பித்துவிடலாம். அதற்குள் நான் இங்கே என்னுடையதை ஏற்றி முடித்துவிடுகிறேன். யூஎஸ்பி வயரையும் டிஸ்க்கோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவா. போன தடவை கேமராவைக் கொண்டுவந்து வயரை ஊரில் வைத்துவிட்டு வந்தவன் நீ. மக்ரூன் கொண்டுவந்தால் மதினி கண்ணில் படாமல் என் கையில் கொடு.

அன்புடன்,
உன் மக்கா
வேளச்சேரி