உலர்குப்பை உலர்ந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லும் அறிவிப்புகள் இரண்டு நிறத் தொட்டிகளைக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. மக்கும் குப்பை ஒன்றில், மக்காத குப்பை மற்றொன்றில், அவ்வளவுதான். மக்களும் மனசாட்சியோடு அப்படியே செய்கிறார்கள். ஆனாலும் பிரித்துக் கொடுத்ததில் கணிசமான பகுதி கடைசியில் குப்பைக் கிடங்குக்கே போய்ச் சேர்கிறது. இதற்கு வீட்டளவில் முக்கியமான காரணம் ஈரம். மீந்த குழம்பும் எண்ணெயும் படிந்து வரும் உலர்குப்பையும், சருகே சேராமல் நீர் ஒழுகும் உரத்தொட்டியும் பிரித்த உழைப்பையே வீணாக்குகின்றன. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் காகிதம். ஆலையில் பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கடைந்து கூழாக்குகிறார்கள். நார்கள் பிரிந்து மிதக்கும். தாளில் குத்திய ஊசி, பசை, மை போன்றவை வடிகட்டுதலில் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய் போகாது. அது நாரோடு ஒட்டிக்கொண்டு, புதிய தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும். ஆகவே எண்ணெய் பட்ட அட்டைப்பெட்டியை அப்படியே போடாமல், பட்ட பகுதியை மட்டும் கிழித்து மக்கும் குப்பையில் சேருங்கள். மீதி நல்ல காகிதம்தான். நனைந்த காகிதமும் கட்டிவைத்த இடத்தில் பூசணம் பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குட்டையாகிறது. சுமார் 5 முதல் 7 முறைக்கு மேல் தாங்காது. கை துடைக்கும் மெல்லிய தாளில் நார் ஏற்கெனவே குட்டை என்பதால் அதை உரத்துக்கு விடுவதே சரி. கடை ரசீதுத் தாளை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும், வேதிப்பூச்சு கொண்ட தாள். அதைக் காகிதத்திலும் சேர்க்கக் கூடாது, உரத்திலும் சேர்க்கக் கூடாது. காகிதக் கோப்பையைக் கிழித்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் தெரியும். அதைத் தனியே பிரிக்கும் வசதி உள்ள ஆலைகள் குறைவு.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் 'மறுசுழற்சி ஆகும்' என்பதற்கான உறுதிமொழி என்று பலர் நம்புகிறார்கள். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1 என்றால் பெட் (குடிநீர் பாட்டில் செய்யும் வகை), 2 அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 பிவிசி, 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. இவற்றில் 1, 2, 5 ஆகியவற்றை வாங்குவோர் பொதுவாக இருக்கிறார்கள். 3ஐ 1 உடன் கலப்பதுதான் பெரிய கெடுதல். பெட் உருகுவதற்கு சுமார் 250 டிகிரி செல்சியஸ் தேவை. அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும். சிறிதளவு கலந்தாலும் மொத்தமும் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி முடித்த கடைசி நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும். இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்து, காய்ந்ததும் நசுக்கி, மூடியைத் திருகிப் போடுங்கள். மூடியைத் தனியாகப் போட்டால் அது சல்லடை இடுக்கில் விழுந்து தொலைந்துபோகும். பாட்டிலோடு சேர்ந்து போனால் கவலையில்லை: ஆலையில் துண்டாக்கி நீரில் போடும்போது பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். பொருள் அடைத்த பைகளைத் திறக்கும்போது மூலையைத் துணுக்காக வெட்டி எறியும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தத் துணுக்கு எந்தக் கைக்கும் அகப்படாமல் சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, பையோடு தொங்கவிட்டாலே போதுமானது.

உறை எந்த வகை என்று ஐயம் வந்தால் கையில் கசக்கி விடுங்கள். உட்புறம் வெள்ளிபோல் மின்னி, கசக்கியதும் தானே விரிந்தால் அது உலோகப் பூச்சு கொண்ட பல அடுக்குப் பிளாஸ்டிக். பெரும்பாலான இடங்களில் அதை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை. கசக்கிய வடிவிலேயே நின்றால் அலுமினியத் தாள். துடைத்து, கைப்பிடி அளவு உருண்டை சேரும் வரை வைத்திருந்து கொடுங்கள். தாதுவிலிருந்து எடுப்பதைவிட, பழைய அலுமினியத்தை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகும். இதைக் குப்பையில் விடுவது பெரிய நஷ்டம். கண்ணாடி பாட்டிலோடு பீங்கானையும் சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தையும் கலக்காதீர்கள். உலைச் சூட்டில் அவை சரியாக உருகாமல் புதிய பாட்டிலில் கல்லாக நின்று, அந்த இடத்திலேயே விரிசல் விழும். உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். அதை எடுப்பது ஒரு மனிதரின் கை.

மூன்றாவதாக ஒரு சிறு டப்பா கட்டாயம் வேண்டும்: பேட்டரி, மின்விளக்கு, காலாவதியான மருந்து ஆகியவற்றுக்கு. லித்தியம் பேட்டரி குப்பை லாரியின் அழுத்தத்தில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதன் முனைகளில் ஒட்டும் நாடாவை ஒட்டித் தனியே வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இனி மக்கும் குப்பை. இதை வீட்டிலேயே உரமாக்கினால் உலர்குப்பை நனைவதும் குறையும். கிடங்கில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளிவருவதும் குறையும். மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டு போதும். பக்கவாட்டிலும் அடியிலும் அரை சென்டிமீட்டர் துளைகள் போட்டு, ஒழுகும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். முதலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சருகோ கிழித்த அட்டையோ பரப்புங்கள். காய்கறித் தோல், காம்பு போன்றவற்றை 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு முதல் இரு மடங்கு வரை சருகால் மூடுங்கள். இந்தச் சருகு அலங்காரத்துக்கல்ல. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. பச்சைக் கழிவில் கார்பன் போதாது. காற்று புகும் இடைவெளியைத் தருவதும் சருகுதான். பலர் உரம் தயாரிப்பதைக் கைவிடுவது சருகைச் சேர்த்து வைக்காமல் தொடங்குவதால்தான். முதலில் ஒரு மூட்டை சருகு, பிறகுதான் வாளி.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. நீர் ஒழுகினால் அட்டையும் சருகும் சேர்த்துக் கிளறுங்கள். பிடி உதிர்ந்து கொட்டினால் நீர் தெளியுங்கள். வாரம் இருமுறை அடிவரை புரட்ட வேண்டும். நாற்றத்தை வைத்தே குறையைக் கண்டுபிடித்துவிடலாம். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். இரண்டுக்கும் மருந்து சருகும் புரட்டலும்தான். நாற்றமே இல்லாமல் பல வாரம் மாற்றமும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். இவ்வளவு சிறிய வாளி பெரிய குவியலைப் போல 55 டிகிரிக்குச் சூடேறாது. அதனால் இறைச்சி, நோய்பட்ட செடி, விதை முற்றிய களை ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். பழங்களில் ஒட்டிவரும் சிறு வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். உரித்தெடுக்காவிட்டால் சலிக்கும்போது அப்படியே கிடைக்கும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்ட பைகளில் பலவும் தொழிற்கூடச் சூட்டில் மட்டுமே மக்குபவை. வீட்டு வாளியில் அப்படியே கிடக்கும்.

முதல் வாளி நிறைந்ததும் இரண்டாவதைத் தொடங்கி, முதலாவதை இரண்டு மூன்று மாதம் விட்டுவையுங்கள். இடையிடையே புரட்டினால் போதும். மண்வாசனை வந்து, போட்ட பொருள் அடையாளம் தெரியாமல் போனால் தயார். அவசரப்பட்டு அரைகுறையாக மக்கியதைச் செடிக்குப் போட்டால், அது மேலும் மக்குவதற்காக மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். தொட்டிச் செடிக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் போதும்.

குப்பையைக் குறைப்பதற்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாரம் மூன்று தொட்டிகளையும் தனித்தனியே எடைபோட்டுக் குறியுங்கள். மறுசுழற்சிக்குப் போகாதவற்றைத் தரையில் பரப்பி எண்ணுங்கள். ஒரே மாதிரி உறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்து, பெரிய அளவில் வாங்கியோ பாத்திரம் கொண்டுபோய் நிரப்பியோ நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

மக்கள் இவ்வளவும் செய்தாலும், பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டி ஏற்றுவதைக் கண்ணால் பார்த்தால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள். மக்கும் குப்பையைத் தினமும், உலர்குப்பையைக் குறித்த நாளில் தனி வண்டியிலும் எடுக்க உள்ளாட்சி நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தெந்தப் பொருளை உண்மையிலேயே விற்க முடிகிறது, எது கிடங்குக்குப் போகிறது என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வாரம் ஒரு பொருளாகத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்; முதல் வாரமே பல அடுக்கு உறையைப் பற்றி எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்