சாவி யாரிடம் இருக்கிறது? நெடுஞ்சாலைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெடுஞ்சாலைகளையும் அவற்றின் ஓரத்துப் பெட்ரோல் பங்குகளையும் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வண்டிக்குக் காற்று, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை மூன்றையும் பங்கில் காசு வாங்காமல் தர வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். பல பங்குகளில் பலகையாகவே எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதனால் விதியை நான் விளக்கப் போவதில்லை. போன நவம்பரில் அப்படி ஒரு பலகைக்குக் கீழே நின்று நான் பட்டதைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வயது 41. பதினொரு வருடமாக பைக்கில் நெடுந்தூரம் போகிறேன். கோவாவின் வாகத்தோரில் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு பெரிய பைக் சந்திப்பு நடக்கும். முன்பு ரைடர் மேனியா என்றார்கள், இப்போது மோட்டோவர்ஸ் என்கிறார்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வந்து சேரும். எங்கள் குழுவில் இந்த முறை ஆறு வண்டி, எட்டுப் பேர். அதில் பெண்கள் மூன்று பேர்.

உண்மையைச் சொன்னால் சந்திப்பைவிட அந்தச் சாலைக்காகத்தான் நான் போகிறேன். விடிகாலை நாலு மணிக்குக் கோயம்புத்தூரில் கிளம்பி, பண்ணாரி சோதனைச் சாவடியில் காத்திருந்து, கதவு திறந்ததும் திம்பம் மலையில் ஏறுவோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால் 2022-லிருந்து இரவில் போக முடியாது. அது நல்ல முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாமராஜநகர், மைசூரு, குஷால்நகர் வழியாக மடிக்கேரி ஏறினால் காப்பித் தோட்டம். நவம்பரில் காய்கள் சிவக்கத் தொடங்கியிருக்கும். சம்பாஜே மலைப்பாதை இறங்கியதும் காற்றே மாறிவிடும். சுள்ளியா, புத்தூர் பக்கமெல்லாம் பாக்குத் தோப்பு. இரவு மங்களூரில் தங்கல்.

மறுநாள் தேசிய நெடுஞ்சாலை 66. குந்தாபுரம் தாண்டி மரவந்தே வரும். இடது கைப்பக்கம் அரபிக்கடல், வலது கைப்பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நம் சாலை. பதினொரு வருடத்தில் எத்தனையோ சாலைகள் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவேன். இப்படி ஒரு சாலை இருக்கும் நாட்டில் பிறந்திருக்கிறோமே என்று நெஞ்சு நிறையும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காலை எட்டரைக்குக் குந்தாபுரத்தில் இட்லி சாப்பிட்ட ஹோட்டலில் கழிப்பறை சுத்தமாக இருந்தது. அந்த முதலாளிக்கு நன்றி. அதற்கு அடுத்து நான் பயன்படுத்த முடிந்த கழிப்பறை கிடைத்தது மதியம் ஒன்றரைக்கு. நடுவில் நாங்கள் நிற்காமல் இல்லை. மூன்று பங்குகளில் நின்றோம். ஊர்ப் பெயரும் பங்கின் பெயரும் எழுதவில்லை. ஒருவரைப் பிடித்துத் தண்டித்துவிட்டு மற்ற இடங்களை அப்படியே விட்டுவிடுவது எனக்கு வேண்டாம்.

முதல் பங்கில் கதவில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் பேங்குக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது. ஆறு வண்டிக்கும் டேங்க் நிறையப் போட்டுவிட்டுத்தான் கேட்டோம். பெட்ரோல் போட்ட பையனுக்கே எங்களைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. இரண்டாவது பங்கில் கதவு திறந்திருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, பல்பு இல்லை. தரை எப்படி இருந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவதில் "ஊழியர்களுக்கு மட்டும்" என்று எழுதிவைத்திருந்தார்கள். அங்கேதான் நான் முதலில் சொன்ன பலகை இருந்தது. காற்று, குடிநீர், கழிப்பறை, மூன்றும் இலவசம். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் இல்லை என்ற பதிலைக் கேட்டேன்.

ரைடிங் உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோளிலும் முழங்கையிலும் கவசம் வைத்த ஜாக்கெட், முழங்கால் கவசம், அதற்கு மேல் தடித்த பேன்ட், கணுக்கால் மூடும் பூட்ஸ். விழுந்தால் உயிர் காப்பது அதுதான், எல்லோரும் போடச் சொல்லி நீங்களும் விளம்பரம் செய்கிறீர்கள். அதையெல்லாம் கழற்றி மாட்ட ஓர் ஆணிகூட இல்லாத இடத்தில், ஈரத் தரையில், ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? இரண்டாவது பங்கில் என் தோழி வெளியே காவல் நின்றாள். அப்படியும் என்னால் முடியவில்லை. திரும்பி வந்து வண்டியில் ஏறிவிட்டேன்.

கூட வந்த ஆண்கள் சாலையோரத்தில் ஒதுங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு வழி இல்லை. எங்களுக்கு அந்த வழியும் இல்லை. திம்பம் காட்டில் யாரும் இறங்கக் கூடாது, ஆனைக்கும் சிறுத்தைக்கும் பயந்து அடக்கிக்கொள்கிறோம். கடலோரத்தில் எந்த விலங்கும் இல்லை. அங்கே மனிதர்களுக்குப் பயந்து அடக்கிக்கொள்கிறோம்.

ஒன்றரை மணிக்குச் சாலையோரம் ஒரு பெட்டிக்கடை. இளநீர், வாழைப்பழம், பீடி விற்கும் வயதான அம்மா. நான் வாய் திறந்து கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். "பா மகளே" என்று கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஓட்டு வீடு. கொல்லையில் நாலு சுவர் எழுப்பிய சின்னக் கழிப்பறை. தாழ்ப்பாள் இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் அவரே கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் போய்வந்தோம். மூன்று முறையும் அவரே இறைத்தார். காசு கொடுத்தேன், கையைத் தள்ளிவிட்டார்.

நாள் முழுவதும் பெட்டிக்கடையில் உட்கார்ந்து பிழைக்கும் ஓர் அம்மாவால் முடிந்தது, மின்சாரமும் மோட்டாரும் ஆளும் வைத்து நடக்கும் மூன்று பங்குகளால் ஏன் முடியவில்லை? இதைக் கோபத்தில்தான் கேட்கிறேன், மன்னியுங்கள். ஆனால் பதில் வேண்டும்.

வாகத்தோர் போய்ச் சேரும்போது மாலை ஆகிவிட்டது. இரவு எரிச்சலும் குளிர் காய்ச்சலும். முதல் நாள் எல்லோரும் வண்டிகளைப் பார்க்கப் போனபோது நான் ஒரு டாக்டரின் அறை வாசலில் பெஞ்சில் இருந்தேன். சிறுநீர்ப் பாதையில் தொற்று. "நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று அந்த அம்மையார் கேட்டார். காலையில் அரை டம்ளர் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு இது புதிதாக இருக்கவில்லை, மருந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

நெடுந்தூரம் வண்டி ஓட்டும் பெண்கள் பலருக்கும் இந்தக் கணக்கு தெரியும். கிளம்புவதற்கு முந்தைய இரவே தண்ணீரைக் குறைப்போம். காலையில் காப்பி கிடையாது. வழியில் நாக்கு ஒட்டினால் ஒரு மடக்கு, அவ்வளவுதான். மாதவிடாய் நாளாக இருந்தால் பயணமே ரத்து. வெயிலில் ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் தலை கிறுகிறுக்கும், எதிரே லாரி விலகும்போது பிரேக்குக்குக் கை போவதும் தாமதமாகும். சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோரிக்கை சின்னது. கழிப்பறைக் கதவைப் பூட்டாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, ஜாக்கெட் மாட்ட ஓர் ஆணி. இவ்வளவுதான்.

2025-இல் ஓர் அறிவிப்பு வந்தது. சுங்கச்சாவடிக் கழிப்பறை அழுக்காக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், ஃபாஸ்டேக்கில் 1,000 ரூபாய் ஏற்றித் தருகிறோம் என்று. நல்ல எண்ணம்தான், பாராட்டுகிறேன். ஆனால் பைக்குக்கு ஃபாஸ்டேக் கிடையாது. பங்குகளின் கழிப்பறைகள் அந்தக் கணக்கில் சேராது. கெடு அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்தது, நாங்கள் போனது நவம்பரில். சுங்கச்சாவடியிலும் எங்களை இடது ஓரத்துக் குறுகிய பாதையில் தள்ளிவிடுகிறார்கள். நாங்கள் கடந்த ஒரு சாவடியில் கழிப்பறை எதிர்ப்பக்கம் இருந்தது. வண்டியை நிறுத்த இடமில்லை, ஹெல்மெட்டோடு ஏழெட்டு லேன்களைக் குறுக்கே கடக்க வேண்டும். நாங்கள் சுங்கம் கட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கான செஸ் கட்டுகிறோம்.

கார்வாரில் காளி ஆற்றைக் கடந்தபோது மனம் இன்னும் கனத்தது. 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அங்கே பழைய பாலம் இடிந்து விழுந்தது. அதன்மேல் போய்க்கொண்டிருந்த லாரி ஆற்றுக்குள் போனது. ஓட்டுநர் நம் தமிழ்நாட்டுக்காரர், நல்லவேளையாக உயிரோடு மீட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 16 அன்று, அங்கோலா பக்கம் சிரூரில் மலைச்சரிவு இறங்கியது. சாலையோர டீக்கடையையும், அங்கே இளைப்பாற நின்றவர்களையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. அந்த இடத்தைக் கடக்கும்போது எங்கள் ஆறு வண்டியும் தானாகவே வேகம் குறைந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. லாரி ஓட்டுபவர் நிம்மதியாக வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, டீ குடித்துப் போவதற்குப் பாதுகாப்பான இடம் இந்த நீளச் சாலையில் எத்தனை இருக்கிறது? நாலு வழி, ஆறு வழி என்று அகலப்படுத்துகிறீர்கள். அந்த வழியில் போகிற மனிதர்களுக்கு உடம்பு இருக்கிறது, அதற்குப் பசியும் தூக்கமும் அவசரமும் வரும் என்பதை வரைபடம் போடும் அன்றே நினைத்திருக்க வேண்டாமா?

எங்கேயோ போய்விட்டேன். பாலத்தையும் மலையையும் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் பேசட்டும். நான் கேட்க வந்தது கழிப்பறைக் கதவு.

மாதம் ஒரு முறை உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அலுவலரை, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு பங்குக்கு அனுப்புங்கள். அவர் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தட்டும். அதன் பிறகு அறிக்கை எழுதட்டும். அடுத்த கழிப்பறை எத்தனை கிலோமீட்டரில் என்று சாலையில் ஒரு பலகை வையுங்கள். ஊர்களுக்குத் தூரம் எழுதுகிறோமே, அதே மாதிரி. பங்க் நடத்துபவர்களுக்கும் சிரமம் உண்டு, தெரியும். கழுவ ஆள் கிடைப்பதில்லை, வருகிறவர்களில் சிலர் அசிங்கம் செய்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு ஆகும் செலவில் நீங்கள் பங்கெடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு மட்டும் வேண்டாம். தயவுசெய்து கதவைத் திறந்து வையுங்கள்.

வரும் நவம்பரில் அக்கா மகளும் எங்களோடு வருகிறாள். பத்தொன்பது வயது, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, முதல் நெடும்பயணம். என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டாள். மழைக்கோட்டு, பஞ்சர் கிட், செயின் ஸ்பிரே, வண்டிப் புத்தகங்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் எத்தனை பாட்டில் சித்தி?" என்று கேட்டாள்.

அந்த வரியை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பைக் பயணி