டெங்குக் கணக்கை ஜனவரியில் வெட்டாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வருடாந்தப் புள்ளிவிவரம் தொகுப்போருக்கு,

வணக்கம். நீங்கள் தொகுத்துச் சுவரில் ஒட்டும் நோய், பிறப்பு, மரண வரைபடக் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் அடுத்த வருடத்துக்கு ஆளணியும் புகையடிக்கும் இயந்திரமும் பங்கிடப்படுகின்றன. ஆகவே இதை எழுதுகிறோம்.

முதலில் டெங்கு. நமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் தொடங்கும் மழையில் நிரம்பிய ரயர், தயிர்ச்சட்டி, பீலி, கிணற்றடி வாளி எல்லாம் டிசம்பருக்குள் நுளம்புக் குடம்பி வளர்த்துவிடும். நோயாளர் தொகை மார்ச் வரை ஏறும். ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினால் ஒரே பரவலின் தலை ஒரு வருடத்திலும் உடல் மறு வருடத்திலும் விழும். கொழும்புக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். அங்கே உச்சம் பெரும்பாலும் வருட நடுவில். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். ஜூலையில்தான் நாட்டின் உச்சம். நம் மாவட்டத்துக் கிண்ணியாவோ மார்ச்சிலேயே தத்தளித்தது. நமக்கு ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை என்ற கணக்கே பொருந்தும். ஒப்பிடும்போதும் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடாமல், முந்தைய ஐந்து பருவங்களின் இடைநிலை எண்ணோடு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) ஒப்பிடுங்கள். பெரும் பரவலுக்கு அடுத்த வருடம் எந்த ஊரிலும் எண் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அதற்குப் பாராட்டுக் கூட்டம் வேண்டாம்.

நோய் அறிவித்தல் படிவத்தின் முகவரியையும் கவனியுங்கள். வெருகலில் காய்ச்சல் கண்டவர் திருகோணமலைப் பட்டினத்தில் மச்சாள் வீட்டில் தங்கி மருந்து எடுப்பார். படிவத்தில் மச்சாள் வீட்டு விலாசம் ஏறும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போய் அங்கே தண்ணீர்த் தொட்டியைக் கிளறுவார், நுளம்பு வெருகலில் பெருகும். "காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு கிழமை எங்கே இருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பிறப்பில் வேறொரு சிக்கல். பதிவு நடப்பது குழந்தை பிறந்த இடத்தில். மூதூர்த் தாய் பட்டின ஆஸ்பத்திரியில் பெற்றால் அந்தப் பிறப்பு பட்டினக் கணக்கில் சேரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தப் பக்கத்துப் பயணமும் இலகுவானது. பதிவாளர் எண்ணை மட்டும் நம்பினால் பட்டினம் பெருகுவதாகவும் சுற்றுப்புறம் சுருங்குவதாகவும் தோன்றும். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் தாயின் நிரந்தர வதிவிடம் இருக்கிறது. பிரிவுவாரியாக எண்ண அதையே எடுங்கள். பதிவுக்கு 42 நாள் அவகாசம் உண்டென்பதால் டிசம்பர்ப் பிள்ளை பெப்ரவரியில்கூடப் பதியப்படலாம். பதிந்த திகதியை விட்டுப் பிறந்த திகதியால் எண்ணுங்கள்.

சிறிய பிரிவுகளில் சிசு மரண வீதம் (ஆயிரம் உயிருள்ள பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறப்போர்) ஏமாற்றும். உதாரணத்துக்கு, வருடம் 900 உயிருள்ள பிறப்புகள் என்போம். 7 சிசுக்கள் இறந்தால் ஆயிரத்துக்கு 7.8, 11 என்றால் 12.2. நாலே மரணங்கள் "பாரிய அதிகரிப்பு" என்ற தலைப்பாகிவிடும், தற்செயலாகவே அவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்றாலும். ஐந்து வருட மரணங்களை ஐந்து வருடப் பிறப்புகளால் வகுத்துப் போடுங்கள், பக்கத்தில் மரண எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் தனி விசாரணை வேண்டும்; அதை வீதம் செய்யாது.

நோய் வீதம் காண வகுக்கும் சனத்தொகை பற்றி ஒரு வார்த்தை. 2012 குடிசன மதிப்பீட்டிலிருந்து நீட்டிய கணக்கு 2022இல் நாட்டுக்கு 2 கோடி 21 இலட்சம் காட்டியது. 2024இல் வீடு வீடாக எண்ணியபோது கிடைத்தது 2 கோடி 17 இலட்சம். வெளிநாடு போனவர்களும் அந்த வித்தியாசத்தில் உண்டு. புதிய எண்ணுக்கு மாறும்போது பழைய வருடங்களின் வீதங்களையும் அதற்கேற்பத் திருத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் வகுஎண் மாறிய வருடத்தில் நோய் கூடியதாக வரைபடம் சொல்லும், அடுத்த கூட்டத்தில் அதற்குக் காரணம் தேடி அரைநாள் போகும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் சுகாதாரப் புள்ளிவிவரம் கையாளும் சிலர்