சான்றிதழ் கிடைத்தது, தாழியைத்தான் பார்க்க முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 18 உலக அருங்காட்சியக தினத்தன்று எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நடந்த ஓவியப் போட்டி பற்றி மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். "குழந்தைகள் பெற்றோருடன் ஆர்வமாகப் பார்வையிட்டனர்" என்று ஒரு வரி. எதைப் பார்வையிட்டோம் என்று உங்கள் நிருபரிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். காட்சிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஊழியர்கள் எல்லாரும் விழா வேலையில் இருக்கிறார்களாம், அதனால் இன்றைக்குத் திறக்க மாட்டார்களாம். நாங்கள் பார்வையிட்டது சிறப்பு விருந்தினரைத்தான், அவரும் வெயில் உச்சிக்கு ஏறின பிறகுதான் வந்தார்.

போட்டித் தலைப்பு மழைநீர் சேகரிப்பு. நல்ல தலைப்புதான், ஆனால் அதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே வருஷா வருஷம் வரைந்து தள்ளுகிறார்கள். பத்தடி தள்ளி நடுகல்லும் முதுமக்கள் தாழியும் இருக்கும்போது, வராண்டாவில் உட்கார்ந்து குடத்தையும் குழாயையும் வரைய அருங்காட்சியகம் எதற்கு, கல்யாண மண்டபம் போதாதா? பேத்திக்குக் கொடுத்த சான்றிதழில் பெயரும் தப்பு.

சரி, திறந்திருக்கிற நாளில் போனால் மட்டும் என்ன வாழுது? வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பிள்ளைகளுக்கு லீவு என்றைக்கோ அன்றைக்கு அவர்களுக்கும் லீவு. காசுகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டி என் மார்பு உயரம். பேத்தி எக்கி எக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் கை வைத்தாள், அதற்கு ஒரு அதட்டல். தாழிக்குப் பக்கத்து அட்டையில் "முதுமக்கள் தாழி, பெருங்கற்காலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. "இத்துனூண்டு வாய்க்குள்ள ஆளை எப்படிப் பாட்டி வெச்சாங்க?" என்று கேட்டாள். பல நேரம் உடம்பை அப்படியே வைப்பதில்லை, எலும்பை எடுத்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டியவர் நாற்காலியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் மேலே நின்று குனிந்து பார்க்கலாம். கீழடியில் கிடைத்த பகடைக்காயையும் சுடுமண் வட்டச்சில்லையும் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கமே வேண்டாம், பாண்டி ஆடுகிற பிள்ளைக்குச் சில்லு தெரியாதா? இதெல்லாம் உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்த உயிரினங்களைப் பாடம் பண்ணி வைத்திருக்கிற சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றுதான் எங்கள் அப்பா சொல்லுவார். அப்படிச் சொல்லிச் சொல்லியே வாயைப் பிளந்துகொண்டு திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்ப்பார், எங்களையும் பார்க்கவிட்டார். எங்கள் ஊரில் அந்தப் பேருக்கு இப்போதுதான் முழுத் தகுதி வந்திருக்கிறது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிக்குக் கீழே பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு மரப்பலகை, விழா நாளில் ஒரு சாவி. நீங்களும் விழா முடிந்த மறுநாள் படம் போடுவதற்குப் பதில் முந்தின வாரமே தேதியை இரண்டு வரி போடலாம். அப்புறம், இந்தக் கடிதத்தை வெட்டாமல் போடுங்கள். போன தடவை பேருந்து நிலையக் கழிப்பறை பற்றி எழுதியதை நாலு வரியாக்கி, அதிலும் கழிப்பறையை எடுத்துவிட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி ஒருத்தி