குலசேகரத்து நண்பனுக்கு: 212, 238

தக்கலை,
ஐப்பசி 12

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பதினைந்து நாளாக ரப்பர் பால் வெட்டு நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் விடாத மழை. விளையில் நின்ற மட்டி வாழை இரண்டு, குலையோடு சரிந்துவிட்டன. மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வந்திருக்கிறோம். வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. உன் வீட்டம்மையின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

சரி, நீ பயந்து எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். மார்த்தாண்டத்தில் பார்த்தபோது மொத்த கொலஸ்ட்ரால் 212. மூன்று வாரம் கழித்து நாகர்கோவிலில் 238. "இதில் எவன் சொல்வது பொய்?" என்று கேட்டிருக்கிறாய். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை மக்கா. முப்பது வருடம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வருடம் உன் ரப்பர் பாலுக்கு ஒரு கடையில் டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் சதவீதம், 34 என்றார்கள், இன்னொரு கடையில் 31 என்றார்கள். நீ சண்டைக்கே போனாய். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டுப் பார்க்கிற அளவு பாலின் சூட்டுக்கும் தண்ணீர் கலக்கிற விதத்துக்கும் மாறும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். பாலை நிறுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிசாக அழுத்தி, உலர்த்தி, மறுபடி நிறுத்தால் வருவதுதான் தீர்ப்பு. ஆனால் கடைக்காரன் ஒவ்வொரு வாளிக்கும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அவனுடைய மெட்ரோலாக்கை அந்தத் தீர்ப்போடு யாராவது ஒத்துப்பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தத்திலும் இதேதான். எங்கள் லேபில், ரத்தம் உறைந்த பிறகு பிரிந்து நிற்கும் நீரான சீரத்தோடு, கிட் என்கிற சோதனைப் பெட்டியில் உள்ள நொதிகளைச் சேர்ப்போம், இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் கூடினால் கொலஸ்ட்ரால் கூடுதல். எவ்வளவு நிறத்துக்கு எவ்வளவு என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது. கிட்டோடு வரும் காலிபரேட்டர் குப்பியைக் காட்டி, "இதில் 200 இருக்கிறது" என்று நாம்தான் சொல்கிறோம். உண்மையில் அதில் 190தான் இருந்தால், அன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஐந்து சதவீதம் கூட்டியே காட்டும். மெஷின் மேல் குற்றமில்லை, திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே அளவுதான் வரும். அதனால் தப்பு வெளியே தெரியவே தெரியாது.

அப்படியானால் குப்பியில் 200 என்று எழுதியவனுக்கு அது எப்படித் தெரியும்? ஏபெல், கெண்டால் என்பவர்கள் 1952இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சீரத்தைக் காரத்தில் சிதைத்து, கொலஸ்ட்ராலை மட்டும் ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, அதன் பிறகு நிறம் பார்க்க வேண்டும். மெதுவான வேலை, நீ உலர்த்தி நிறுப்பது மாதிரி. அமெரிக்காவில் பெரிய இதயநோய் ஆய்வுகள் தொடங்கிய காலம் அது. ஒரு ஊர் லேபின் 220ஐ இன்னொரு ஊர் லேபின் 220ஓடு சேர்த்து வைக்க முடியாவிட்டால் ஆய்வே வீண். அதனால் 1950களின் கடைசியில் அட்லாண்டாவில் உள்ள சி.டி.சி. என்ற அரசு நோய்த்தடுப்பு மையம், லேபுகளை ஒத்துப்பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது. ஏபெல், கெண்டால் முறையைச் செம்மைப்படுத்தி உரைகல்லாக வைத்தார்கள். அதற்கும் மேலே, எடை கூடிய அணுக்கள் (ஐசோடோப்பு) உள்ள கொலஸ்ட்ராலைக் கலந்து, மூலக்கூறுகளை எடை வைத்துப் பிரித்துப்பார்க்கும் நிறை நிறமாலைமானியில் அளக்கும் முறை இருக்கிறது. அங்கிருந்து படிப்படியாக இறங்கி வந்து சேர வேண்டியதுதான் நம் குப்பியில் இருக்கும் எண். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இருபது வருடம் முன்பு, நான் அப்போது வேலை பார்த்த லேபில் கிட் மாறியது. பழைய கம்பெனியின் காலிபரேட்டர் பாதி மிச்சமிருந்தது. வீணாக்க வேண்டாமே என்று புதுக் கிட்டோடு அதையே வைத்து ஓட்டினேன். வேலூர் சி.எம்.சி. நடத்தும் தரச்சோதனைத் திட்டத்தில் எங்கள் லேபும் சேர்ந்திருந்தது. அவர்கள் அனுப்பும் சாம்பிளை நாம் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும், மற்ற லேபுகளின் விடையோடு ஒத்துப்பார்த்துச் சொல்வார்கள். அந்தச் சீட்டு வந்தபோதுதான் நாங்கள் மேலே விலகி நிற்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு மாத ரிப்போர்ட் போயிருந்தது. குளச்சலில் ஒரு அம்மா அந்த எண்ணை நம்பிக் குழம்பில் தேங்காய் அரைப்பதையே விட்டிருந்தார். பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மறுபடி ரத்தம் எடுத்தேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, தேயிலை போட்டுத் தந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

வேலூர்ச் சீட்டு நன்றாக வந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. அதே கிட்டை வைத்திருக்கும் லேபுகளின் சராசரியோடு ஒத்துப்போகிறோம் என்றுதான் அது முக்கியமாகச் சொல்லும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்? தவிர, சோதனைக்கு வருவது உலர்த்திய சீரம், நாம் தண்ணீர் விட்டுக் கரைப்பது. சில கிட்டுகளில் அது மனிதனின் புது ரத்தம் மாதிரி நடந்துகொள்ளாது. அதனால்தான் உரைகல்லோடு நேரடியாக ஒத்துப்பார்க்கப் புது சீரத்தையோ உறையவைத்த சீரத்தையோ எடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, மொத்த கொலஸ்ட்ராலில் ஒரு அளவுக்கு 8.9 சதவீதம் வரை விலகலாம் என்று அமெரிக்கக் கொலஸ்ட்ரால் திட்டத்தில் எல்லை வைத்தார்கள். உண்மையில் 200 உள்ளவனுக்கு 182 வந்தாலும் 218 வந்தாலும் எல்லைக்குள்தான்.

அப்புறம் உன் உடம்பும் நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. கொலஸ்ட்ரால் ஆறு சதவீதம் போல இயல்பாகவே ஏறி இறங்கும். ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு இன்னும் பல மடங்கு ஆடும். மார்த்தாண்டத்தில் தலைசுற்றுகிறது என்று உன்னை அரைமணி நேரம் படுக்கவைத்து அதன் பிறகு ரத்தம் எடுத்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அது சின்ன விஷயம் இல்லை. நின்றுகொண்டிருந்தவன் படுத்தால் நீர் ரத்தக்குழாய்க்குள் திரும்பிச் சேரும், ரத்தம் நீர்த்துப்போகும். இருபது நிமிடத்தில் கொலஸ்ட்ரால் பத்து சதவீதம் போலக் குறைந்து காட்டலாம். உன் 212க்கும் 238க்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். இரண்டு ரிப்போர்ட்டிலும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் எளிது. மார்த்தாண்டத்தில் கணக்குப் போட்டது: மொத்தத்தில், நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது, 1972இல் வந்த ஃப்ரீடுவால்டு சூத்திரம். மூன்று அளவிலும் உள்ள பிழை அதில் வந்து சேரும். நாகர்கோவிலில் 'டைரக்ட்' என்று போட்டிருக்கிறார்கள், அது கணக்குப் போடாமல் எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கும் தனி கிட். குவைத்திலிருந்து உன் மகன் அனுப்பிய 5.4ஐப் பார்த்துத் திகைக்காதே. நாம் மில்லிகிராமில் எழுதுவதை அவர்கள் மில்லிமோல் என்ற வேறு அலகில் எழுதியிருக்கிறார்கள். 38.67ஆல் பெருக்கு, 209 வரும்.

மாத்திரையை நீயாகக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதே. ஒரே லேபில், உட்கார்ந்தபடி, சில வாரம் விட்டு இரண்டு முறை பார்த்து, சராசரியை டாக்டரிடம் காட்டு.

இன்னொரு செய்தி. தக்கலையிலும் குழித்துறையிலும் பழக்கமான மூன்று சின்ன லேப்காரர்களைச் சேர்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஒரே ஆளின் புது சீரத்தை மூன்றாகப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்று பேரும் அன்றைக்கே பார்க்கிறோம். முதல் மாதம் 186, 199, 204 என்று வந்தது. 204 வந்த பையன் முகம் வாடிவிட்டான். 186 வந்தவனும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, மூன்று பேரின் குப்பிகளையும் மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சாம்பிளுக்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு வா. ஒரு பத்து மில்லி போதும். வந்ததும் கால்மணி நேரம் நாற்காலியில் உட்காரவைப்பேன், பேசிக்கொண்டிருப்போம். ரத்தம் எடுத்த பிறகு மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மழை விட்டு வெட்டு தொடங்கிவிட்டால் மட்டும் ஒரு போன் போடு, மறு வாரம் வைத்துக்கொள்வோம்.

உன் பழைய கூட்டாளி